ராபின் ஹூட்ஸ் பே: கரை எங்கும் போய்விடவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

2014ஆம் ஆண்டு மே கடைசி வாரம், பள்ளி விடுமுறையில், யார்க்‌ஷயர் கடலோரத்தில் ராபின் ஹூட்ஸ் பே கிராமத்துக்குப் போயிருந்தோம். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதினொரு மணிவாக்கில் கீழே இறங்கினால் கடல் எங்கோ தள்ளி நிற்கும். வளைவளைவாகப் பாறை வரிகள், நடுவில் குட்டை குட்டையாகத் தண்ணீர். பாகிள் ஹோல் வரை அதன்மேலேயே நடந்து போய் வருவோம். 2019இல் அதே வாரம், அதே வீடு, அதே பதினொரு மணி. இறங்கினால் கரையே இல்லை. சுவர்ப்பக்கம் வரை தண்ணீர். மூன்று நாள் பார்த்துவிட்டுப் பக்கத்திலுள்ள விட்பி ஊருக்கும் மற்ற இடங்களுக்கும் போய்ப் பொழுதைக் கழித்தோம். கடல் அரிப்பில் அந்தக் கரை போய்விட்டதா?

2027இல் மே 31 தொடங்கும் வாரம் மீண்டும் போக நினைக்கிறோம். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். இந்த முறை மாமியார் வருகிறார். வயது 74, முழங்கால் வலி உண்டு, சைவம். அமைதியாக ஒரு வாரம் இருந்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் ஆசை. கடலை ஒட்டிக் கீழே வீடு எடுக்கலாமா? அல்லது அந்த இடத்தை நினைவிலேயே விட்டுவிட்டு வேறு ஊர் பார்ப்பது நல்லதா?

எஸ்.,
க்ராய்டன்

அன்புள்ள எஸ்.,

கரை போகவில்லை. 2014இல் நீங்கள் நடந்த பாறைத்தட்டு 2019இலும் அங்கேயேதான் இருந்தது, தண்ணீருக்கு அடியில். இரண்டு பயணங்களிலும் வாரம் ஒன்று, வீடு ஒன்று, மணி ஒன்று. நிலா மட்டும் வேறு.

2014 மே 28 அமாவாசை. 2019 மே 26 தேய்பிறை அஷ்டமி. உங்கள் இரண்டு விடுமுறைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது. வேறு ஊர் தேட வேண்டாம். வேறு வாரம் தேடுங்கள்.

நம் கடற்கரைகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடாததில் வியப்பில்லை. சென்னையில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள உயர வித்தியாசம் அமாவாசையிலேயே ஒரு மீட்டர் அளவுதான். கடலின் இந்த ஏற்ற இறக்கத்தை, அதாவது ஓதத்தை, பார்த்து மெரினாவில் யாரும் நடக்கப் போவதில்லை. விட்பி பக்கத்துக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய நாலரை மீட்டர். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அதில் பாதிதான். ராபின் ஹூட்ஸ் பேயின் பாறைத்தட்டோ கிட்டத்தட்டச் சமதளம். அப்படிப்பட்ட தரையில் தண்ணீர் ஒரு மீட்டர் கூடுதலாக இறங்கினால் அகலத்தில் பெரும் பரப்பு வெளியே வந்துவிடும். ஒரு மீட்டர் குறைவாக இறங்கினால் அந்தப் பரப்பு முழுவதும் மூழ்கியே இருக்கும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பெரிய ஓதம் வரும் நாட்களில் கடல் வற்றும் மணி ஒவ்வோர் ஊருக்கும் ஏறத்தாழ நிலையானது. அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் நிலாவும் சூரியனும் கடலை ஒரே கோட்டில் இழுக்கின்றன. அந்த நாட்களில் நிலா உச்சிக்கு வரும் நேரம் எப்போதும் நண்பகலும் நள்ளிரவுமாகத்தான் இருக்கும். அதற்கு எத்தனை மணி நேரம் பின்னால் தண்ணீர் ஏறும் என்பது அந்தந்தக் கடலோரத்தின் அமைப்பைப் பொறுத்தது. விட்பி பக்கத்தில் கோடைகாலக் கடிகாரப்படி கணக்கிட்டால், பெரிய வற்றம் பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் வரும். பெரிய ஏற்றம் விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கும் மாலை அதே மணிக்கும். ஆகவே 2014இல் பதினொரு மணிக்கு இறங்கியபோது கடல் உங்களுக்காக ஒதுங்கி நின்றது தற்செயல் இல்லை. அந்த ஊரில் அமாவாசை வாரம் என்றாலே அப்படித்தான்.

அஷ்டமி, நவமியில் இந்தக் கணக்கு ஆறு மணி நேரம் புரண்டுவிடும். நண்பகலை ஒட்டி ஏற்றம். விடியற்காலையிலும் மாலை ஐந்தாறு மணிக்கும் வற்றம், அதுவும் அரைகுறையாக. 2019இல் நீங்கள் பதினொரு மணிக்குப் பார்த்தது ஏறிய கடல். மாலை ஆறு மணிக்கு இறங்கியிருந்தால் கொஞ்சம் கரை தெரிந்திருக்கும். 2014இல் பார்த்தது தெரிந்திருக்காது.

நிலாவின் நாட்கள் நம் ஆங்கிலத் தேதியோடு ஒத்துப்போவதில்லை; ஆண்டுக்குப் பதினோரு நாள் வீதம் முன்கூட்டியே வரும். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழப் பொருந்தும்: 2022இல் மே 30 அமாவாசை. பத்தொன்பது ஆண்டுக்கு ஒருமுறை அச்சாகப் பொருந்தும்: 2033இல் மறுபடி மே 28. ‘போன தடவை போன அதே வாரம்’ என்று பதிவு செய்கிறவர்கள் பாதிக்குப் பாதி ஏமாறுவதன் காரணம் இதுதான். வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டி இந்த வேலைக்குப் போதுமானது. அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ அடுத்த ஒன்றிரண்டு நாட்கள்தான் ஓதத்தின் உச்சம். நிலாவுக்குக் கடல் சற்றுத் தாமதமாகவே பதில் சொல்கிறது. அஷ்டமி நவமியில் புதிதாக எதையும் தொடங்காதே என்று மாமியார் சொல்லக்கூடும். இந்தக் கடலோரத்தில் பாறை நடைக்கு அது மிகச் சரியான அறிவுரை.

இனி 2027. மே 28 வாக்கில் தேய்பிறை அஷ்டமி, ஜூன் 4 அமாவாசை. நீங்கள் நினைத்திருக்கும் மே 31 வாரம் சிறிய ஓதத்தில் தொடங்கி வெள்ளிக்கிழமைதான் பெரிய ஓதத்துக்கு வந்து சேரும். சனிக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கடல் அருமையாக வற்றத் தொடங்கியிருக்கும். அதற்கு அடுத்த வாரத்தை, ஜூன் 5 முதல் 12 வரை, எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு நாட்களும் நண்பகலை ஒட்டிப் பெரிய வற்றம். பள்ளி விடுமுறை முடிந்துவிட்டதால் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும், வாடகையும் இறங்கியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி உங்களை இனிக் கட்டிப்போடவில்லை என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன். கோடையில் சில வார இறுதிகளில் ஊரில் நாட்டுப்பாடல் விழா நடப்பதுண்டு. அந்தத் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விழா நாளில் கடலை ஒட்டிய கீழூர் இரவு வரை ஓயாது.

நிலா பார்த்து வாரத்தைத் தேர்ந்தபின், நாளைத் தேர்வதற்கு ஓத அட்டவணை வேண்டும். விட்பி துறைமுகத்துக்கான அட்டவணையே போதும். ஆறு மைல் தூரத்தில் சில நிமிட வித்தியாசம்தான் வரும். பிரிட்டிஷ் கடற்படை வரைபடத் துறையின் ஈஸிடைட் இணையதளத்தில் வரும் ஒரு வாரத்துக்கான கணக்கை இலவசமாகப் பார்க்கலாம். ஆண்டு முழுவதற்குமான சிறு கையேடு அந்தப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். கையேட்டில் ஒரு பொறி இருக்கிறது. பலவற்றில் நேரம் கிரீனிச் கணக்கில் அச்சாகியிருக்கும். கோடையில் அதோடு ஒரு மணி கூட்ட வேண்டும். கூட்டாமல் போனால் கடல் இன்னும் வற்றிக்கொண்டிருக்கும்போதே ஏறத் தொடங்கிவிட்டது என்று நினைத்துத் திரும்பி வருவீர்கள், அதில் ஆபத்தில்லை. ஏற்கெனவே கூட்டித் தந்திருக்கும் அட்டவணையில் இன்னொரு மணி கூட்டிவிடுவதுதான் ஆபத்து. முதல் பக்கத்தில் எந்த நேரம் என்று எழுதியிருக்கும், படித்துவிடுங்கள். அதோடு மீட்டர் எண்ணையும் பாருங்கள். வற்றத்தின் உயரம் ஒன்று அல்லது ஒன்றேகால் மீட்டர் என்றால் பாறைத்தட்டு முழுதாக வெளியே வரும். இரண்டுக்கு மேல் என்றால் அன்று விட்பிக்குப் போகலாம். கீழூரில் அலைபேசி சமிக்ஞை பல இடங்களில் கிடைக்காது; அட்டவணையைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடையின் விதி எளியது. வற்றும் தண்ணீரின் பின்னால் போங்கள், ஏறும் தண்ணீரின் முன்னால் போகாதீர்கள். வற்ற நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் படகுச் சரிவில் இறங்கலாம். பாகிள் ஹோல் தெற்கே ஒரு மைலுக்கும் குறைவு. குட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனால் முக்கால் மணி ஆகும். வற்ற நேரத்தில் திரும்பத் தொடங்கி, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் சரிவில் ஏறிவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், கடல் சீராக ஏறுவதில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேர ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காக்கினால், முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நாலரை மீட்டர் ஓதத்தில் மூன்றாவது மணியில் மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் ஏறும். முதல் மணியில் ‘அசையவே இல்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் மூன்றாவது மணியில் மாட்டுகிறார்கள்.

இந்த ஊரின் பாறை அமைப்பு இதை இன்னும் கூர்மையாக்குகிறது. தரைக்கடியில் குமிழ்போல் மேலெழும்பிய பாறையடுக்குகளைக் கடல் சீவிவிட்டதால் உண்டானது இந்த விரிகுடா. வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளையங்களைப் போல, கெட்டியான அடுக்குகள் வரப்பாகவும் மென்மையானவை பள்ளமாகவும் நிற்கின்றன. ஊரார் இந்த வரப்புகளை ஸ்கார் என்பார்கள். கடல் ஏறும்போது வரப்பை முதலில் தொடுவதில்லை. பள்ளங்களின் வழியாக உள்ளே புகுந்து உங்களுக்கும் கரைக்கும் நடுவில் நிரம்புகிறது. நீங்கள் நிற்கும் பாறை காய்ந்திருக்கும், பின்னால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். எனவே கடலைப் பார்க்காதீர்கள், திரும்பிக் கரைப்பக்கப் பள்ளத்தைப் பாருங்கள். அதில் ஓட்டம் தொடங்கிவிட்டால் புறப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மேலே ஏறிவிடும் வழிகள் கிராமத்துப் படகுச் சரிவு, பாகிள் ஹோல், அதற்கு அப்பால் ஸ்டூப் பெக் ஓடை என்று மூன்றே. கிராமத்துக்கு வடக்கே முனையை நோக்கிப் போகும் கரையில் ஏறும் வழியே கிடையாது. பார்க்க அழகாக இருக்கும், போகாதீர்கள். பாகிள் ஹோலில் நேரம் கடந்துவிட்டால் கரைவழியே ஓடிவர முயலவேண்டாம். அங்கே ஓடைக்கரையில் பழைய மாவு ஆலையில் இயங்கும் இளைஞர் விடுதி இருக்கிறது, தேநீர்க் கடையும் உண்டு. ஒரு தேநீர் குடித்துவிட்டு மேலே கிளீவ்லண்ட் வே பாதையில் ஏறி ஊர் திரும்பலாம். படிகள் செங்குத்து, ஆனால் பாதை பத்திரம். வடக்கிலிருந்து பலத்த காற்று அடிக்கும் நாளில், அல்லது காற்றழுத்தம் மிகக் குறைந்திருக்கும் நாளில், அட்டவணை சொல்வதைவிடக் கடல் உயர்ந்தே நிற்கும். அன்று உங்கள் கணக்கில் அரை மணியைக் கழித்துக்கொள்ளுங்கள். யாரேனும் மாட்டிக்கொண்டதைப் பார்த்தால் 999 அழைத்து ‘கோஸ்ட்கார்டு’ என்று கேட்க வேண்டும்.

காலுக்கு வரிப்பள்ளம் உள்ள ரப்பர் அடிப்பாகக் காலணி. பச்சைப் பாசி படர்ந்த பாறை எண்ணெய் தடவியது போல வழுக்கும். சொரசொரவென்று வெள்ளைச் சிப்பிப் பூச்சு இருக்கும் பாறையில் கால் பிடிக்கும். கைத்தடி வைத்திருந்தால் அதன் முனை ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று புறப்படுமுன் பாருங்கள்.

பாறைக் குட்டைகளுக்கிடையில் புதைபடிவங்கள் கிடைக்கும். சுருள் வடிவ அம்மோனைட், துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட், சாத்தானின் நகம் என்று ஊரார் சொல்லும் தடித்த வளைந்த சிப்பி ஆகிய மூன்றும் ஏறக்குறைய 19 கோடி ஆண்டுக்கு முந்திய கடற்சேற்றில் படிந்தவை. மாமியாருக்கு ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுங்கள். கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் படிவம்தான். பூஜையறையில் பார்த்த சுருளை யார்க்‌ஷயர்க் கரையில் பார்ப்பார். கரையில் உதிர்ந்து கிடப்பதை மட்டும் எடுங்கள். கரையோரச் செங்குத்துப் பாறையில் தட்டிப் பெயர்ப்பது கூடாது, ஆபத்தும்கூட. அந்தச் செங்குத்தின் மேல்பாதி பனியாறுகள் விட்டுப்போன களிமண். நல்ல மழைக்குப் பின் ஓரிரு நாள் வரை சொரிந்துகொண்டே இருக்கும். அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுபவர்களைப் பார்த்தால் நீங்களே சொல்லி எழுப்பிவிடலாம்.

அரிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரிப்பு உண்மைதான். 1780 வாக்கில் பழைய சாலையும் அதையொட்டிய வீடுகளும் கடலில் போயின. 1975இல் கட்டிய பெரிய கடற்சுவர் இப்போது கீழூரைத் தாங்குகிறது. ஆனால் பத்து பதினைந்து ஆண்டில் ஒரு பாறைத்தட்டு காணாமல் போகாது. மாறுவது மணல். பாறையின்மேல் மெல்லிய போர்வையாகத்தான் மணல் கிடக்கிறது. குளிர்காலப் புயல் அதை வாரிக்கொண்டு போகும், கோடை அலைகள் மெல்ல மெல்லக் கொண்டுவந்து சேர்க்கும். ஜூன் தொடக்கத்தில் நீங்கள் நினைத்ததைவிட மணல் குறைவாகவும் பாறை அதிகமாகவும் இருந்தால் அதை இழப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வீடு. கடலை ஒட்டிக் கீழே எடுக்கலாமா என்ற கேள்விக்கு, மாமியாரின் முழங்காலை வைத்துப் பார்த்தால், வேண்டாம் என்பதே பதில். ஊர் இரண்டாகப் பிரிந்தது. மேலே, 1885இல் ரயில் வந்தபிறகு கட்டிய விக்டோரியா காலத்து வீடுகள், சமதளத் தெருக்கள். கீழே, மீனவர்களின் பழைய வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. நடுவில் ஒரே ஓர் இறக்கம். வாகனம் ஏறத் திணறும் அளவு செங்குத்து, ஓரத்தில் கைப்பிடியோடு படிகள். இந்த இறக்கத்தில்தான் 1881 ஜனவரியில், ஆறு மைல் தூரம் பனியில் இழுத்துவந்த விட்பி உயிர்காப்புப் படகைக் கயிறு கட்டி இறக்கினார்கள், விபத்துக்குள்ளான கப்பலின் மாலுமிகளைக் காப்பாற்ற. நல்ல முழங்காலுக்கே இறங்குவதைவிட ஏறுவது எளிது. வலியுள்ள முழங்காலுக்கு ஒரு நாளைக்கு ஒருமுறை போதும்.

கீழூர் வீடுகளில் வெளிப்படியைவிட உள்படி மோசம். கப்பல் ஏணிபோல் நிமிர்ந்த குறுகிய படிக்கட்டு. முதல் மாடியில் கூடம், இரண்டாவதில் படுக்கை, கழிப்பறை மட்டும் தரைத்தளத்தில் என்ற அமைப்பு சாதாரணம். விளம்பரப் படத்தில் படிக்கட்டு இருக்காது. மேலூரில் எடுத்தாலும் உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: படுக்கையறையும் கழிப்பறையும் ஒரே தளத்திலா? வாசலுக்கு எத்தனை படி? குளிக்க நின்று குளிக்கும் இடமா, தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க வேண்டுமா? தொட்டியின் விளிம்பு முழங்கால் வலிக்காரர்களுக்கு வீட்டுப் படியைவிடப் பெரிய தடை.

காரில் வந்தால் ஏ171இல் வந்து ஹாஸ்கரில் பி1447 பிரிவைப் பிடியுங்கள். வழிகாட்டிக் கருவி கீழூர் முகவரிக்கு நேராக இறக்கத்தில் இறங்கச் சொல்லும், கேட்காதீர்கள். வெளியூர் வண்டிகள் இறங்கக்கூடாது, அடியில் வண்டி திருப்ப இடமும் இல்லை. நிறுத்துமிடங்கள் இரண்டும் மேலே, பழைய ரயில் நிலையத்தருகிலும் இறக்கத்தின் உச்சியிலும். கோடை வார இறுதியில் பத்தரைக்கு மேல் இடம் கிடைப்பது கடினம்; வீட்டோடு நிறுத்துமிடம் இருந்தால் அதற்குச் சற்றுக் கூடுதல் வாடகை தரலாம். ரயிலில் வருவதானால் லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க், அங்கே மாறி ஸ்கார்பரோ, அங்கிருந்து எக்ஸ்93 பேருந்து. அது மேலூரிலேயே நிற்கும். விட்பிக்கும் அதே பேருந்து.

மாமியாருக்காகப் படியில்லாத, மெல்லிய சரிவான நடை வேண்டுமென்றால் சிண்டர் டிராக். 1965இல் மூடிய ஸ்கார்பரோ–விட்பி ரயில் பாதை அது. தண்டவாளம் போய்விட்டது, பாதை இருக்கிறது. ரயில் ஏறிய பாதை என்பதால் எங்கும் திடீர் ஏற்றமில்லை. தெற்கே ரேவன்ஸ்கார் நோக்கி அரை மணி நடந்தால் விரிகுடா முழுவதும், நீங்கள் நடந்த வளையங்களோடு சேர்த்து, கீழே விரியும். உண்மையில் அந்த வளையங்களின் வடிவம் கரையில் நிற்பவரைவிட மேலே நிற்பவருக்குத்தான் தெரியும். வற்ற நேரத்தில் அவர் மேலேயும் நீங்கள் கீழேயும் இருந்தால் இருவருக்கும் நல்லது. சில இடங்களில் கல்லும் மழைநீர்ப் பள்ளமும் உண்டு. சக்கர நாற்காலிக்கு நம்ப முடியாது.

இந்த ஊரில் அமைதி நாளின் சில வேளைகளில்தான். பகல் பதினொன்று முதல் நான்கு வரை ஒருநாள் பயணிகள். நெடுந்தூர நடைக்காரர்கள், நாட்டின் மேற்குக் கரையிலிருந்து நடந்து வந்து இங்கே கடலில் கால் நனைப்பவர்கள், பிற்பகலில் வந்து சேர்வார்கள். ஐந்து மணிக்கு மேல் ஊர் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். விரிகுடா கிழக்கு நோக்கியது, ஆகையால் மாலையில் கரையில் நிழல் விழுந்து குளிரும். ஜூனில் சூரியன் நாலரைக்கே எழுந்துவிடும். அதிகாலையும் பின்மாலையும்தான் உங்களுடையவை. பெரிய ஓத நாட்களில் மாலை ஐந்தாறு மணிக்குக் கடல் படகுச் சரிவில் ஏறி ஊர் முற்றம் வரை வரும். சுவரில் மோதும் ஓசையை மேலிருந்து கேட்டுக்கொண்டு நிற்கலாம். கீழூர் வீடுகளில் பெரும்பாலானவை இன்று விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படுபவை. ஆண்டு முழுவதும் குடியிருப்பவர்கள் சிலரே. அந்தச் சந்துகள் மிகக் குறுகலானவை. இரவில் பேசும் குரலும் கருங்கல்லில் உருளும் பெட்டிச் சக்கரமும் பத்து வீட்டுக்குக் கேட்கும்.

வெயில் என்று வானிலை அறிக்கை சொல்லும் நாளில் ஊரே பனிமூட்டத்தில் இருக்கலாம். உள்நாடு சூடாகிக் கடற்காற்று உள்ளே வரும்போது, கோடைத் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு டிகிரியில் இருக்கும் வடகடலின்மேல் ஈரக்காற்று குளிர்ந்து பனிமூட்டமாகும். ஃப்ரெட் என்பது ஊர்ச்சொல். காத்திருக்க வேண்டாம், எதிர்த்திசையில், மூர் மேட்டுநிலத்துக்கு ஐந்தாறு மைல் ஏறினால் பெரும்பாலும் வெயில் இருக்கும். பாறைத்தட்டில் இருக்கும்போது மூட்டம் வந்தால் மட்டும் உடனே சுவர்ப்பக்கம் நடந்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யார்க்‌ஷயரின் பல மீன்–சிப்ஸ் கடைகளில் பொரிப்பது மாட்டுக்கொழுப்பில். மீன் வேண்டாம், வெறும் உருளைக்கிழங்கு வறுவல் போதும் என்று வாங்கிக் கொடுத்தாலும் அது சைவமாகாது. ‘எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்’ என்று கேளுங்கள். தாவர எண்ணெய்க் கடைகளும் உண்டு, தயங்காமல் சொல்வார்கள். வீட்டிலேயே சமைப்பதானால் அடுப்பு எவ்வகை என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் அலுமினிய குக்கர் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் குக்கர் வேண்டும். தாளிக்கும்போது அறைக்கதவைச் சாத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். தாழ்ந்த கூரையுள்ள வீடுகளில் கடுகு வெடிக்குமுன் புகை எச்சரிக்கை மணி அடித்துவிடும். பருப்பு, புளி, மிளகாய்த்தூள் க்ராய்டனிலிருந்தே கொண்டுபோங்கள். காய்கறிக்கும் பாலுக்கும் விட்பியின் பெரிய கடைகள்.

ஜூன் வாரத்துக்கு முந்தின இலையுதிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். தரைத்தளப் படுக்கையறை உள்ள வீடுகள்தான் முதலில் போகும். பாறை நடைக்கு ஜூன் 7, திங்கட்கிழமையை வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு கூட்டம் போயிருக்கும், வற்றம் பகல் ஒரு மணியை ஒட்டி வரும். அந்த வாரத்து அட்டவணையில் நிமிடத்தைச் சரிபார்த்துக்கொண்டு, பதினொரு மணிக்குப் படகுச் சரிவில் இறங்குங்கள். 2014இல் இறங்கிய அதே மணிதான்.

அன்புடன்,
ஆசிரியர்